ரட்சாவைக் கடித்த நாய்

நாய் என்றாலே எனக்கு உதறல். சின்ன வயதில் கடிபட்டாயா என்று எல்லோரும் கேட்பார்கள். இல்லை. சிலருக்குக் கரப்பான்பூச்சி, எனக்கு நாய், அவ்வளவுதான். ஆனால் இதில் ஒரு விசித்திரமும் உண்டு. எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்துக் களத்தில் கிடக்கும் வெள்ளச்சியைப் பார்த்து நான் ஒருநாளும் பயந்ததில்லை. நெல்லைக் கொண்டுபோய்க் கொட்டினால் எடை போடும்வரை வீட்டுக்கு ஒருவர் குவியலுக்குக் காவல் இருக்க வேண்டும். காவல் இருப்பவரின் சாப்பாட்டில் கடைசிக் கவளம் வெள்ளச்சிக்கு. அதற்கு நன்றியாக அது ஆடுமாடுகளை நெல்லில் வாய்வைக்க விடாமல் விரட்டும். படுத்திருக்கும் அதைத் தாண்டிக்கொண்டு எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன். அதை நான் நாய்க் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

நான் நாய் என்று சேர்த்தது பக்கத்து வீட்டு ராட்வைலரை.

பக்கத்து வீடு பிரகதாம்பாள் டீச்சருடையது. பாபநாசத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். அவர் மகன் சூர்யபிரகாஷ் சென்னையில் ஆசையாக வாங்கி வளர்த்த நாயை, கனடாவில் வேலை கிடைத்ததும் போன ஆடியில் கொண்டுவந்து அம்மாவிடம் விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டான். சாம்சன் என்று பெயர். டீச்சர் சாமு என்பார். கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டு, தலை மட்டும் எங்கள் வீட்டு இட்லிப் பானை அளவு. அது குரைப்பது அபூர்வம். சும்மா நின்று பார்க்கும். அந்தப் பார்வைதான் எனக்கு ஆகாது.

என் கணவர் ராஜராஜன் வாட்ஸப்பில் வரும் வீடியோக்களை வேலை மெனக்கெட்டுக் காட்டுவார். எந்த ஊரிலோ ஒரு ராட்வைலர் ஒரு குழந்தையைக் குதறியது, ஆபத்தான நாய்கள் என்று ஒரு பட்டியல், அதில் இதன் பெயர். இந்த ஜாதிக்கு ரத்தத்திலேயே கடி இருக்கிறது என்று ஒருவர் அடித்துப் பேசினார். அந்த வீடியோவை நான் டீச்சருக்கே அனுப்பிவைத்தேன். மறுநாள் அவர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பாடம் எடுத்தார். கடிக்கிற ஜாதி, கடிக்காத ஜாதி என்று பிறப்பிலேயே பிரித்துவிட முடியாதாம். பெரிய நாய் கடித்தால் காயம் பெரிதாக இருக்கும், அதனால் செய்தியில் வருகிறதாம், மற்றபடி எல்லாம் வளர்ப்புதானாம். புலிக்கும் வளர்ப்புதானா டீச்சர் என்று கேட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வாயில் வந்ததைப் பேசிவிட்டு உள்ளே வந்துவிடுவது என் வழக்கம்.

என் பயமெல்லாம் ரட்சாவுக்காக. கல்யாணமாகி எட்டு வருஷம் குழந்தை இல்லாமல், திருக்கருகாவூர் அம்மன் சந்நிதியில் நெய் வாங்கி நாற்பத்தெட்டு நாள் சாப்பிட்டுப் பிறந்தவள். கர்ப்பரட்சாம்பிகை கொடுத்த பிள்ளை என்பதால் அந்தப் பெயர். ஆறரை வயது, ஒன்றாம் வகுப்பு. அவள் தும்மினால்கூட எனக்கு வேலை ஓடாது.

அன்று புதன்கிழமை. தை மாதம், சம்பா அறுவடை மும்முரம். ரட்சா பள்ளிக்கூடம் விட்டு வந்து தெருவில் விளையாடப் போயிருந்தாள். களத்துப் பக்கம் மட்டும் போகக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். அங்கே டிராக்டரும் லாரியும் பின்னுக்கு வரும், குழந்தை நிற்பது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. போனால் காலை உடைப்பேன் என்று ராஜராஜன் சொல்லிவைத்திருந்தார்.

ஐந்து மணி இருக்கும். மாடியில் காயவைத்த மிளகாயை அள்ளிக்கொண்டிருந்தேன். சாம்சன் குரைத்தது. குரைக்காத நாய் விடாமல் குரைக்கவே எட்டிப் பார்த்தேன். டீச்சர் வீட்டு கேட் அருகே ரட்சா நின்று அழுதுகொண்டிருந்தாள். வலது கெண்டைக்காலிலிருந்து ரத்தம் வழிந்து பள்ளிக்கூடத்து வெள்ளை சாக்ஸ் நனைந்திருந்தது. கேட்டுக்கு உள்ளே அது குதித்துக் குதித்துக் குரைத்தது.

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இந்த நாய்தானே கடிச்சுது? இதுதானே?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள்.

கேட் பூட்டியிருந்தது. அடியில் நாலு விரல் இடைவெளி. அதில் என் கை நுழையும், அந்த இட்லிப் பானை நுழையாது. எல்லாம் கண்ணெதிரே இருந்தது, நான் பார்க்கவில்லை. கேட்ட கேள்விக்கு நான் நினைத்த பதில் வந்துவிட்டது. அதற்குமேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை.

டீச்சர் ஓடிவந்தார். நான் திட்டுவதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல், குழந்தையைக் குழாயடிக்குத் தூக்கிப்போய், தண்ணீரைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் காயத்தைக் கழுவினார். தடயத்தை அழிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் அதைச் சொல்லவும் சொன்னேன். அவர் கழுவுவதை நிறுத்தவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் காயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு பல் பதிந்திருந்தது, ஒன்று ஆழம். அவ்வளவு பெரிய நாய் என்றால் சதை போயிருக்குமே என்றார். என் பிள்ளைக்குச் சதை போகவில்லை என்று உங்களுக்கு வருத்தமா என்று நான் எகிறினேன். அவர் இரண்டு கையிலும் ஊசி போட்டார். மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று அட்டையில் தேதி எழுதினார். ரத்தம் வந்த காயம், அதனால் நாளைக்கே தஞ்சாவூர் போய்க் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போட வேண்டும், அதை விடவே கூடாது என்று தனியாக ஒரு சீட்டும் கொடுத்தார். ராஜராஜன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அன்று விளக்கு வைத்த நேரத்தில் டீச்சர் எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் ஒரு சின்னப் புத்தகம். சாம்சனுக்கு எந்தத் தேதியில் என்ன ஊசி என்று மருத்துவரின் முத்திரையோடு எழுதியிருந்தது.

"சாமு உள்ளதான் இருந்துச்சு மேகலா. இருந்தாலும் உன் மனசு ஆறுறதுக்கு இத வச்சுக்க. வருஷம் தவறாம வெறிநாய் ஊசி போட்டிருக்கு. ஆனா பிள்ளைக்கு ஊசிய விட்டுடாத" என்றார்.

அதில் பாதிதான் என் காதில் ஏறியது. தப்பு செய்யாத நாய்க்குப் புத்தகத்தை ஏன் நீட்டுகிறார் என்று வெடுக்கென்று வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை நாங்கள் தஞ்சாவூர் பஸ்ஸில் இருந்திருக்க வேண்டும். ஆனால் ஆறு மணிக்கு அறுவடை மெஷின்காரர் போன் செய்தார். எங்கள் வாய்க்காலில் இருபது பேர் ஈர வயலிலும் இறங்கி அறுக்கும் அந்த ஒரு பெல்ட் வண்டிக்குக் காத்திருந்தோம். எங்களுக்கு முந்தின ஆளின் கதிர் இன்னும் பச்சையாக இருக்கிறதாம், இப்போதே வந்தால் உங்கள் வயலில் இறக்குகிறேன், இல்லையென்றால் அடுத்த முறை எப்போது என்று சொல்ல முடியாது என்றார். ஞாயிற்றுக்கிழமை மழை என்று செய்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போன வருஷம் இதே போல முறையை விட்டு, இரண்டு நாள் மழையில் கதிர் சாய்ந்து, நெல் வயலிலேயே முளைவிட்டதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

ராஜராஜன் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். ஊசி போட்ட நாய்தானே, பத்து நாள் அது நன்றாக நடமாடினால் பயப்பட ஒன்றுமில்லையாம், அறுப்பை முடித்துவிட்டுப் போகலாம் என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. இதை நான் மறைக்கப் போவதில்லை. அவர் மட்டும் முடிவெடுக்கவில்லை. சனிக்கிழமை மூன்றாம் நாள் ஊசி. அன்றைக்கு நெல்லை டிப்பரில் ஏற்றிக் களத்தில் கொட்டிப் படுதா போட்டு மூடிக்கொண்டிருந்தோம். அதுவும் போயிற்று.

இதற்கு நடுவில் என் இன்னொரு வேலை ஜோராக நடந்தது. கடித்த நாயை ஊரைவிட்டு அப்புறப்படுத்த வேண்டும் என்று பஞ்சாயத்துக்கு மனு எழுதி நாற்பத்திரண்டு கையெழுத்து வாங்கினேன். வீடியோ பார்த்தவர்கள் படிக்காமலே போட்டார்கள். டீச்சர் வாதாடவில்லை. திருக்காட்டுப்பள்ளியில் தெரிந்தவர் தென்னந்தோப்பில் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன், செவ்வாய்க்கிழமை போகிறேன் என்று சொல்லியனுப்பினார்.

தினமும் விடிந்ததும் மாடிக்கு ஓடி எட்டிப் பார்ப்பேன். சாம்சன் சோறு தின்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா, நடை தள்ளாடுகிறதா. விரட்ட வேண்டிய நாய், ஆனால் பத்து நாளைக்குச் செத்துப்போகக் கூடாத நாய். அது தட்டை நக்கி முடிக்கும்வரை எனக்கு மூச்சு வராது. முடித்ததும் அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அதே வாயால் அதைத் திட்டிக்கொண்டே இறங்குவேன்.

ரட்சா அந்த நாட்களில் அதிகம் பேசவில்லை. பயந்திருக்கிறாள் என்று மாரியம்மன் கோயிலில் வேப்பிலை அடித்து விபூதி பூசிக் கூட்டிவந்தேன். கால் வலிக்கிறது என்பதால் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, டீச்சர் தானே ஓட்டும் கார் அவர் வீட்டு வாசலில் கிளம்பத் தயாராக நின்றது. பின் சீட் முழுவதும் சாம்சன். பத்து நாள் ஆகாமல் எப்படி அனுப்பலாம், சனிக்கிழமைவரை அது என் கண்முன் இருக்க வேண்டும் என்று கேட்கப் போனேன். ரட்சா என் புடவையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். டீச்சருக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. இருக்கக் கூடாது என்று ஊரெல்லாம் கையெழுத்து வாங்கியதும் நீ, போகக் கூடாது என்பதும் நீயா என்று கேட்டார். பதிலுக்கு நான் வாயைத் திறப்பதற்குள் காதர் மைதீன் மொபெட்டில் வந்து நின்றார். களத்தில் மூட்டை தூக்குகிறவர், வீட்டில் நாலு ஆடு வளர்க்கிறார். முகம் வெளிறியிருந்தது.

"வெள்ளச்சி விடியக்காலையில செத்துப் போச்சு டீச்சர்" என்றார். "நாலு நாளா ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. சாக்கக் கடிச்சுது, கட்டையக் கடிச்சுது, என் ஆட்டுல ரெண்டக் கடிச்சிருச்சு. மாட்டு டாக்டர் வந்து பாத்துட்டு வெறி நோய்ங்கிறாரு. ஊரு நாய்க்கு யாரு ஊசி போட்டா? போன வாரத்துலேருந்து அது யாரையாச்சும் கடிச்சிருந்தா, கீறியிருந்தாக்கூட, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க."

வெள்ளச்சி பாவம் என்று சொல்ல வந்தேன். அதற்குள் புடவையைப் பிடித்திருந்த கை இறுகியது.

"அம்மா, வெள்ளச்சி யாரயாச்சும் கடிச்சிருந்தா அவங்களும் செத்துப் போயிடுவாங்களா?"

நான் அவள்முன் மண்ணில் உட்கார்ந்தேன். என்ன நடந்தது என்று கேட்டேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள். களத்தில் படுதாவுக்கு அடியில் வெள்ளச்சி மூன்று குட்டி போட்டிருந்ததாம். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து பிஸ்கட் கொண்டுபோய் வைப்பாளாம். அன்றைக்கு ஒரு குட்டியைத் தூக்கினாளாம். வெள்ளச்சி பாய்ந்து காலைக் கவ்வியதாம். ஓடிவரும்போது டீச்சர் வீட்டு கேட்டில் சாமு குரைத்ததாம்.

"அப்பா கால ஒடைப்பேன்னு சொன்னாரு. நீதாம்மா சாமு கடிச்சுதுன்னு சொன்ன. நான் சொல்லல."

ஆமாம். அவள் சொல்லவில்லை. கேள்வியும் நான்தான், பதிலும் நான்தான். ஆறு நாளாக நான் மாடியில் நின்று வேறொரு நாயின் உயிருக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். என் பிள்ளையைக் கடித்த நாய் களத்தில் நுரை தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. வெறிநாய்க் கடி முற்றினால் மருந்து கிடையாது என்பது எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

டீச்சர் கார்க் கதவைத் திறந்தார்.

"ஏறு" என்றார். "முன்னாடி ஏறு. சாமுவ எறக்கிட்டிருக்க நேரமில்ல."

ரட்சாவை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். காதர் மைதீன் நான் சொல்லாமலே ராஜராஜனிடம் சொல்லக் களத்துக்கு மொபெட்டைத் திருப்பினார். கார் கிளம்பியதும் இரண்டு சீட்டுக்கும் நடுவில் அந்தத் தலை வந்து நின்றது. அதன் மூச்சு என் கழுத்தில் சூடாகப் பட்டது. தோளில் எச்சில் வடிந்தது. அய்யம்பேட்டை தாண்டும்வரை நான் கழுத்தைத் திருப்பவில்லை. ஒரு வாய் போதும், என் காது போய்விடும் என்று தோன்றியது. அதே நேரத்தில், எடுத்துக்கொண்டு போகட்டும், மடியில் இருப்பவளை மட்டும் விட்டுவிடட்டும் என்றும் தோன்றியது. இரண்டு பயமும் ஒன்றை ஒன்று தள்ளிவிடாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

பசுபதிகோயில் அருகே ரட்சா தண்ணீர் கேட்டாள். டீச்சர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். வெறி நோய் வந்தவர்கள் தண்ணீரைக் கண்டால் மிரள்வார்கள் என்று எங்கோ கேட்டது அப்போது பார்த்து நினைவுக்கு வந்தது. பாட்டிலை மூடியோடு அவளிடமே நீட்டினேன். அவள் தானே திறந்து மடக் மடக் என்று குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குடித்து முடித்துவிட்டு, ஈரக் கையால் பின்னால் நின்ற அந்தக் கறுப்பு மூக்கைத் தொட்டாள். நான் கத்துவதற்குள் அது தலையை இழுத்துக்கொண்டு பின் சீட்டில் படுத்துவிட்டது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இளம்வயது பெண் டாக்டர். அட்டையை வாங்கித் தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சனிக்கிழமை ஏன் போடவில்லை என்று கேட்டார். மெஷின் வந்தது என்றேன். அவருக்குப் புரியவில்லை. திரும்பவும் சொன்னேன், எனக்கே அசிங்கமாக இருந்தது.

"காயத்துல போடற மருந்து, முதல் ஊசிலேருந்து ஏழு நாளைக்குள்ளதான் போடணும். இன்னிக்கு ஆறு" என்றார். பிறகு காயத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, கடித்த உடனே கழுவினீர்களா என்று கேட்டார். பக்கத்து வீட்டு டீச்சர் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவினார் என்றேன்.

"அவங்களுக்குக் கோயில் கட்டுங்க" என்றார்.

மருந்தைப் பல் பதிந்த ஒவ்வொரு இடத்தைச் சுற்றியும் குத்தி ஏற்றினார்கள். ரட்சாவின் காலை நான் பிடித்துக்கொண்டேன், கையை ஒரு நர்ஸ் பிடித்துக்கொண்டார். அவள் அலறல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. விட்டுப்போன ஊசியையும் போட்டு, மிச்சத்துக்குப் புதிதாகத் தேதி எழுதினார்கள். இனிமேல் பயமில்லையே டாக்டர் என்று கேட்டேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போட வேண்டியதைப் போட்டாயிற்று, இனி ஒரு தேதியும் தவறக் கூடாது, சில மாதம் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்.

ராஜராஜன் உடம்பெல்லாம் நெல் தூசியோடு வந்து சேர்ந்தார். நடையில் சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"அந்த மெஷினே வராமப் போயிருக்கலாம்" என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் டீச்சர் சாம்சனைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரமாக நின்றிருந்தார். அவரைச் சுற்றிப் பத்தடிக்கு ஆளில்லை. போகிறவர்கள் குழந்தைகளை மறுபக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் ஒரு செம்பட்டை நாய் படுத்திருந்தது. எல்லோரும் அதைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். நான் தாண்டவில்லை, ரட்சாவைத் தோளில் போட்டுக்கொண்டு சுற்றிக்கொண்டு வந்தேன்.

நாளைக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன் என்றார் டீச்சர் திரும்பும்போது. வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருந்தால் நான் நல்லவள். சொல்லவில்லை. பின்னால் அது மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது, எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் காலையில் அவர் வீட்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்று, அது இங்கேயே இருக்கட்டும் டீச்சர், கேட் மட்டும் பூட்டியிருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், அது வாயிலேயே நின்றுவிட்டது.

பஞ்சாயத்தில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். வெள்ளச்சிக்குக் கடைசிக் கவளம் போட்டவர்கள் எல்லோரும் அன்றே ஊசிக்கு வரிசையில் நின்றார்கள். ஆனால் மனுவை வாங்கிக் கிழித்தபோது, பாதிப் பேருக்கு அதில் உடன்பாடில்லை. வெள்ளச்சி பாவம், அதற்கு நோய், மற்றபடி தங்கமான நாய் என்றார்கள். அது எப்படியோ போகட்டும், இந்த ஜாதியை நம்ப முடியாது என்றார்கள். போன வாரம்வரை நானும் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன் என்பதால் எனக்குச் சண்டை போட வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் விடிவது ஒரு டம்ளர் தண்ணீரில்தான். ரட்சா பல் தேய்த்ததும் கொடுப்பேன். அவள் குடிக்கும்வரை நான் அசைய மாட்டேன். வாசலில் ராஜராஜன் செருப்பை மாட்டிக்கொண்டே நிற்பார், டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டபிறகுதான் வயலுக்குக் கிளம்புவார். ஊசிகளை ஒரு தேதி தவறாமல் போட்டோம். நாலாவது ஊசியும் ஆயிற்று. அப்படியும் தண்ணீர் நிற்கவில்லை. குழந்தைகள் எதையும் பிடித்துக்கொள்வார்கள். நாளாக ஆக அவள் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டத் தொடங்கினாள்.

நாற்பத்தோராம் நாள். அறுத்த வயலில் தெளித்த உளுந்து பூத்திருந்தது. ராஜராஜன் வலங்கைமானுக்குப் போயிருந்தார். டம்ளரை நீட்டினேன். ரட்சா வாயருகே கொண்டுபோனாள், முகத்தைச் சுளித்தாள், திருப்பிக் கொடுத்தாள்.

"தண்ணி வேணாம்மா."

குடி என்றேன். தலையை ஆட்டினாள். உதட்டில் வைத்து அழுத்தினேன். அவள் தட்டிவிட்டாள், டம்ளர் உருண்டு தண்ணீர் தரையில் ஓடியது. அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பின்னால் போனாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். செருப்பு இல்லை, கதவைச் சாத்தவில்லை. டீச்சர் வீட்டு கேட் திறந்து கிடந்தது. நடுவில் ஏதோ குறுக்கே நின்றது, அதை முழங்காலால் ஒதுக்கிக்கொண்டு, அதன்மேல் கையை ஊன்றிப் படியேறி, கதவை உடைக்கிற மாதிரித் தட்டினேன். டீச்சர் வந்ததும், கார், தண்ணி குடிக்கமாட்டேங்கிறா, கார் என்று என்னவோ உளறினேன். அவர் முகத்திலும் ரத்தம் இல்லை. ஆனாலும் கார்ச் சாவியை எடுக்காமல், ரட்சாவைப் படியில் உட்காரவைத்து, அவள்முன் தானும் உட்கார்ந்தார். பதிலை அவர் எடுத்துக்கொடுக்கவில்லை. ஏன் வேண்டாம் என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

ரட்சா வாயைத் திறந்து கீழ்வரிசையைக் காட்டினாள். முன்பல் ஒன்று சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

"தண்ணி பட்டா கூசுது" என்றாள்.

டீச்சர் உள்ளே போய் வெந்நீர் விளாவிக் கொண்டுவந்தார். ரட்சா ஒரு பக்கமாக வாயைச் சாய்த்து, மெதுவாகக் குடித்தாள். முழுவதும் குடித்தாள். அப்போதுதான் என் உள்ளங்கையைப் பார்த்தேன். கறுப்பு முடி ஒட்டியிருந்தது. திரும்பினேன். ஒரு முழ தூரத்தில், கட்டாமல், சாம்சன் உட்கார்ந்து ரட்சாவையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஒரு படி மேலே ஏறிக்கொண்டேன்.

"டீச்சர், மொதல்ல இதக் கட்டுங்க" என்றேன்.

ரட்சா காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டவில்லை. நேராக நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் தண்ணி" என்றாள்.